காப்பு அவிழ்க்காத கை

நம் தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்குச் சொற்களைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று. நான் சேர்ந்தபோது ‘அகதி’ என்றுதான் எழுதினோம். பிறகு பலகையில் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயிண்ட் அடித்தார்கள், நாங்களும் மாற்றிக்கொண்டோம். டெல்லியிலிருந்து வரும் காகிதத்தில் ‘சட்டவிரோதமாகக் குடியேறியவர்’. நமக்கு நிதி அனுப்புகிறவர்களுக்குப் ‘பயனாளி’. பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் ‘சிலோன்காரவுக’. அவர்களையே கேட்டால் “நாங்கள் முகாம் ஆக்கள்” என்பார்கள். இத்தனை பெயர் வைத்தும் ரேஷன் கடையில் அவர்களுக்கு ஒரு வரிசைதான்.

ஓய்வு பெற்றவர்கள் எழுதினால் கொட்டாவி வரும் என்று தெரியும். புதிதாகச் சேர்ந்த உங்களுக்காக ஏதாவது எழுதச் சொல்லி நிர்வாகி கேட்டதால் எழுதுகிறேன். அறிக்கை எழுதுவது, வண்டிக்கு டீசல் கணக்குக் காட்டுவது எல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். எனக்குச் சொல்ல ஒரு விஷயம்தான் இருக்கிறது. அது ஒரு பெண்ணின் கை சம்பந்தப்பட்டது.

நான் அருப்புக்கோட்டைக்காரி. தறிக்காரக் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். முகாம் வேலைக்குப் போன நாளிலிருந்து ஊரில் எல்லாரும் என்னை டீச்சரம்மா என்றார்கள். நான் டீச்சர் இல்லை என்று ஒரு வருடம் சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அந்த முகாம் திருச்சுழி போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கண்மாய்க் கரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ஊர் அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். போர்வெல் போட்டு எடுத்த தண்ணீரில் பருப்பு வேகாது. இந்த ஒற்றுமையை நம்முடைய நிதியாளர்கள் கவனிக்கவில்லை. முகாமுக்கு மட்டும் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக் கொடுத்தார்கள். நீலப் பெயிண்ட், கம்பி வேலி, பூட்டு, பெரிய பலகை. பணம் அகதிகளின் பெயரால் திரட்டியது, ஆகவே தண்ணீரும் அகதிகளுக்கு மட்டும்தான். வேறு யாருக்கும் ஒரு குடம் கொடுத்தாலும் தணிக்கையில் இடிக்கும். இந்த விதியை எழுதியவர் நல்ல மனிதர். ஊரை வரைபடத்தில் பார்த்திருந்தார். வரைபடத்தில் கண்மாய் நீலமாக இருக்கும்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்ள முகாமிலிருந்து தவராசாவைப் போட்டார்கள். பெயிண்டர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர், வம்பே அதனால்தான் வந்தது. அந்த வருடம் மாசி முடிவதற்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளந்தது. ஊர்ப் பெண்கள் குடத்தோடு வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். தவராசா விதியைச் சொன்னார். “குடுக்க எனக்கு விருப்பம்தான், விதி விடுதில்லை” என்று அவர் சொன்னது அவர்களுக்கு நையாண்டியாகப் பட்டது. குடம் உடைந்தது, பலகையில் கல் விழுந்தது, ஒருவருக்கு நெற்றியில் தையல். அடுத்த நாள் இரண்டு கட்சிக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் ஊர்க்காரர்களோடு படம் எடுத்துக்கொண்டார், மற்றவர் முகாம்காரர்களோடு. இருவரும் போகும்போது தங்கள் காரில் இருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு போனார்கள்.

ஊருக்குப் பெரிய மனிதர் அண்ணாச்சி. பந்தல்குடி ரோட்டில் உரமும் விதையும் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவர் வீடு வீடாக ஆள் அனுப்பிக் கையெழுத்து வாங்கி ஒரு மனுக் கொடுத்தார். தவராசா குடும்பத்தை இந்த முகாமிலிருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் அமைதி கெடும் என்று. தண்ணீர் கொடுப்பதைவிட ஒரு குடும்பத்தை மாற்றுவது சுலபம், ஆகவே உடனே உத்தரவு வந்துவிட்டது. வடக்கே எங்கோ மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு முகாமுக்கு.

தவராசாவின் மனைவி யோகேஸ்வரிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்திருந்தன. அருப்புக்கோட்டையில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். உத்தரவில் இருந்த ஊருக்குப் பக்கத்தில் எந்த மெஷினும் இல்லை. இருக்கிற இடத்துக்குப் போய் வர ஒரு பகல் ஆகும், அங்கேயும் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவளால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க முடியாது. உத்தரவைப் போட்டவர்களுக்கு அவளைக் கொல்லும் எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அவளைப் பற்றி எந்த எண்ணமும் இல்லை.

அவளுடைய கையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு முன்கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து வைப்பார்கள். ஊசி அந்த இடத்தில்தான் போடுவார்கள். தோல் புடைத்துக்கொண்டிருக்கும். விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓயாமல் அதிரும். அதிர்ந்தால்தான் நல்லது, நின்றுவிட்டால் ஆபத்து. அந்தக் கையில் வளையல், கயிறு எதையும் இறுக்கக் கூடாது. யோகேஸ்வரிக்கு அது இடது கை.

உத்தரவு வந்த சமயத்தில்தான் நிதியாளர் அலுவலகத்திலிருந்து தர்ஷினி வந்து சேர்ந்தாள். சின்னப் பெண். அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிப் போனவர்கள், இவள் ஐரோப்பாவில் பிறந்தவள். “எங்கட வீட்டுக்கு விமானம் கிடைச்சது, இவையளுக்குப் படகு கிடைச்சது. அதாலதான் நான் நிதியாளர், இவையள் பயனாளி” என்று முதல் நாளே அவளே சொல்லிவிட்டாள். கல்லூரியில் பழைய கிரேக்க மொழி படித்தாளாம். அதைப் படித்தவர்களுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காததால் தொண்டு நிறுவனத்துக்கு வந்தேன் என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவள் எழுதும் அறிக்கைகளில் அடைக்கலம், பீடம், புனிதக் கடமை என்றெல்லாம் வரும். தண்ணீர்த் தொட்டி விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு பக்தி என்று கேட்டேன். முகாம் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து விளக்கினாள்.

“அந்தக் காலத்துக் கிரேக்கத்திலே ஒருத்தர் அடைக்கலம் கேட்டு வந்தா, நேரா ஊர்க் கோயில் பீடத்திலே போய் இருந்திடுவார் அக்கா. கையிலே ஒலிவ மரக் கிளை, அதிலே கம்பளி நூல் சுத்தியிருக்கும். அதுக்குப் பிறகு ஆரும் அவரைத் தொட்டு இழுக்கேலாது. இழுத்தா சாமிக் குற்றம். ஊருக்கே தீட்டு.”

“சரி, ஊர்க்காரங்க அன்பாப் பாத்துக்குவாங்களா?”

“அன்பெல்லாம் இல்லை அக்கா, பயம். வந்தவரைக் காக்கிறதுக்கெண்டே அவையளின்ர பெரிய சாமி சியூஸுக்கு ஒரு தனிப் பெயர் இருக்கு. அரசனுக்கும் விருப்பம் இராது. சேர்த்தா எதிரி வருவான், துரத்தினா தீட்டு வரும். தலையைப் பிடிச்சுக்கொண்டு ஊரைக் கூட்டுவான்.”

அப்படி அடைக்கலம் கேட்பவருக்கு அவர்கள் வைத்த பெயருக்கு ‘வந்து சேர்ந்தவர்’ என்பதுதான் மூலப் பொருளாம். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. எங்கள் ஆட்களும் எந்தக் காலத்திலோ தறியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள்தான். அருப்புக்கோட்டையில் பாதிப் பேர் அப்படி. யார் முன்னால் வந்தது என்பதில்தான் சண்டை எல்லாம்.

கிரேக்கத்தில் அடைக்கலம் கேட்பவர் வீட்டுக்காரரின் முழங்காலைப் பிடித்துக்கொள்வாராம். அவர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், பிறகு மாற முடியாது. அந்த வழக்கம் நம்மிடமும் உண்டு, நாளைக்குப் பார்ப்பாய் என்றேன்.

மறுநாள் உத்தரவை நிறுத்தச் சொல்லி மனுவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எது என்று சொல்ல மாட்டேன். எல்லா அலுவலகத்திலும் அதே மேஜைதான் இருக்கிறது. அதிகாரி நாங்கள் எழுதியிருந்த பக்கங்களைப் புரட்டினார். அதில் யோகேஸ்வரியை ‘நலிவுற்ற நிலையிலுள்ள பயனாளி’ என்று எழுதியிருந்தோம். இந்தச் சொற்றொடரைப் படித்து யாருக்கும் மூச்சு முட்டியதில்லை. அவர் மனுவை மூடுவதற்குள் யோகேஸ்வரி சட்டென்று மேஜையைச் சுற்றிப் போய் அவர் காலில் விழுந்துவிட்டாள். அவர் பதறி எழுந்து, பழக்க தோஷத்தில் அவள் தலையில் கையை வைத்து, “நல்லா இரும்மா, தீர்க்க சுமங்கலியா இரு” என்றார். பிறகு, உத்தரவு மேலே இருந்து வந்தது, தன் கையில் எதுவும் இல்லை என்றார்.

வெளியே வந்ததும் தர்ஷினி என் கையைப் பிடித்தாள். “அக்கா, அவர் தலையைத் தொட்டவர்! கிரேக்கத்திலே எண்டா இனி அனுப்பேலாது.”

“இங்க ஆசீர்வாதம் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதும்மா. வா, பஸ்ஸைப் பிடிப்போம்” என்றேன்.

பஸ்ஸில் யோகேஸ்வரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். காரியாபட்டி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். “தீர்க்க சுமங்கலியாம். இவருக்கு முன்னம் நான் செத்தாத்தானே அக்கா அது? அதுக்குத்தான் இவையள் என்னை அனுப்புகினம் போல.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. இறங்கும்வரை பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வண்டி வருவதற்கு இன்னும் சில நாள் இருந்தது. ஊரில் அதற்குள் காளியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டு வந்தது. உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தீச்சட்டி, பால்குடம் என்று நேர்ந்துகொண்டவர்களுக்குப் பூசாரி கையில் மஞ்சள் நூல் கட்டுவார். கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். ஒருவர் மீறினாலும் அம்மன் கோபம் ஊர் முழுவதற்கும், மழை நின்றுவிடும். அந்தச் சீமையில் மழை நிற்பதற்கு முதலில் பெய்ய வேண்டும், ஆனால் அதைக் கோயில் வாசலில் யாரும் சொல்வதில்லை.

முகாம் பெண்கள் ஒவ்வொரு வருடமும் எட்ட நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த வருடம் யோகேஸ்வரி வரிசையில் வந்து நின்றாள். உடம்புக்காக நேர்ந்துகொண்டாளாம். எங்கள் செயல்திட்டத்தில் இது இல்லை. நானும் தர்ஷினியும் கூட்டத்தில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தோம்.

அவள் முறை வந்ததும் கொட்டுக்காரர்களைத் தவிர எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அண்ணாச்சி முன்னால் வந்தார். “ஏம்மா, முகாம் ஆளுக்கு இங்க என்ன காப்பு? ஊரைவிட்டுப் போறவுகளுக்கு எதுக்கு?”

பூசாரி நூலை எடுத்தார். பெண்களுக்கு இடது கையில் கட்டுவது அங்கே வழக்கம், அதனால் அவளுடைய இடது கையைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். விரலைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

“அது ஊசி போடுற கை ஐயா, மற்றக் கையிலே கட்டுங்கோ” என்று யோகேஸ்வரி சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள், என் காதில் விழுந்தது. கொட்டுச் சத்தத்தில் வேறு யாருக்கும் விழுந்ததாகத் தெரியவில்லை.

“அண்ணாச்சி, இங்கிட்டு வாங்க. இந்தக் கையைத் தொட்டுப் பாருங்க” என்றார் பூசாரி.

அண்ணாச்சி இரண்டு விரலை வைத்தார். ஓடுகிற மோட்டாரைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

“என்னய்யா இது, இப்படி அதிருது?”

பூசாரி கோயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற பெண் குலவை போட்டாள், அடுத்தவள் போட்டாள், கூட்டம் முழுவதும் குலவை. அவர் யோகேஸ்வரியின் வலது கையை எடுத்து நூலைக் கட்டினார். “பொம்பளைக்கு வலது கையிலயா?” என்று யாரோ கேட்டதற்கு, “அம்மன் இருக்குற கைக்கு நூலு எதுக்கு?” என்றார்.

தர்ஷினிக்கு வியர்த்துக் கொட்டியது. “அக்கா, இது பிழையெல்லோ? சொல்லவேணுமோ?”

உங்கள் வேலையிலும் இப்படி ஒரு நிமிடம் வரும். அதற்குப் பயிற்சி கிடையாது. நான் அன்றைக்கு நினைத்தது இதுதான். சொன்னால் காப்பு அறுந்துவிடும், வண்டி வந்துவிடும். சொல்லாமல் இருந்து பின்னால் ஊருக்குத் தெரிந்தால், அம்மன் பேரில் ஏமாற்றினார்கள் என்று முகாம் முழுவதையும் அடிப்பார்கள், ஒரு குடும்பத்தோடு போகாது. இரண்டுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் முதலாவது நிச்சயம், இரண்டாவது சந்தேகம். தவிர, உரியவளே உண்மையைச் சொல்லிவிட்டாள். கேட்காதவர்களுக்கு நான் எதற்கு மைக் பிடிக்க வேண்டும்? சுண்டலைத் தின்னு என்று தர்ஷினியிடம் சொன்னேன்.

குறித்த நாளில் வேன் வந்தது. கூட வந்த வருவாய் ஆய்வாளர் சின்னப் பையன், புதுக் கல்யாணக்காரர். தவராசா பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். வேன் கண்மாய்க் கரை ஏறுவதற்குள் ஊரே கரையில் நின்றது. மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட அண்ணாச்சிதான் முன்னால் நின்றார்.

“தம்பி, வண்டியத் திருப்புங்க. காப்புக் கட்டுனவுக ஊர் எல்லையத் தாண்டி ராத் தங்கப்படாது.”

“நீங்கதானய்யா அனுப்பச் சொல்லி மனுக் குடுத்தது?”

“அது மனு. இது காப்பு.”

“மேல என்ன சொல்றது நான்?”

“அம்மன் பேரச் சொல்லுங்க. பொங்கல் முடியட்டும், பெறகு நானே ஏத்தி விடுதேன்.”

ஆய்வாளர் போனை எடுத்துக்கொண்டு கருவேல மரத்தடிக்குப் போனார். நெடுநேரம் ‘சார், சார்’ என்றார். திரும்பி வந்து, ‘திருவிழா முடிந்ததும் உத்தரவு நிறைவேற்றப்படும்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தர்ஷினி கரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் படித்ததெல்லாம் செத்துப்போன மொழி என்று இத்தனை நாள் நினைத்திருந்ததாகச் சொன்னாள்.

திருவிழாவுக்குப் பானகம் கரைக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் குடத்தோடு வேலிக்கு வந்தார்கள். தவராசா என்னைப் பார்த்தார். நான் தர்ஷினியைப் பார்த்தேன். அவள் பலகையில் எழுதியிருந்த விதியைப் படித்துவிட்டு, “வேற ஆளுக்குத்தான் குடுக்கக் கூடாது எண்டு கிடக்கு. அம்மன் ஆள் இல்லையே” என்றாள். பூட்டைத் திறந்துவிட்டார்கள். அதை மறுபடி யாரும் போடவில்லை. தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டதற்கு அவள் எழுதிய பதில் நீளமானது. அதைப் படித்துக் களைத்துப்போய் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. யோகேஸ்வரிக்கு மத்தியான ஷிப்டில்தான் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ஓடும். முடித்துவிட்டு பஸ் பிடித்து வந்தால் இருட்டிவிடும். காப்பு கெட்டுவிடும் என்று அண்ணாச்சி தன் லோடு வண்டியை அனுப்பினார். டிரைவரை நம்பாமல் அவரே ஏறி வந்தார். நானும் கூடப் போனேன். வார்டு வாசலில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நர்ஸைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, அந்த மிசினைக் கொஞ்சம் வேகமா ஓட்டப்படாதா? பொழுது சாயுதுல்ல.”

“அது பம்ப்செட் இல்ல அண்ணாச்சி. உள்ள வந்து உக்காருங்க” என்றாள் அவள்.

உள்ளே போனார். யோகேஸ்வரிக்கு அடுத்த படுக்கையில் பூசாரியின் மச்சினர் படுத்திருந்தார். அண்ணாச்சிக்குத் தெரிந்தவர்தான், ஆனால் அவருக்கு இந்த வியாதி என்று தெரியாது. “என்ன மாப்ள, நீ எங்க இங்க?” என்று கேட்டுக்கொண்டே அவர் முன்கையைத் தட்டினார். உள்ளே அதே அதிர்வு, தட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது.

இதற்குத்தான் பயந்திருந்தேன்.

அண்ணாச்சி மச்சினரின் கையைப் பார்த்தார், யோகேஸ்வரியின் கையைப் பார்த்தார். வார்டில் வரிசையாகக் கிடந்த கைகளை எல்லாம் பார்த்தார். நர்ஸ் சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். டீ ஆறும்வரை குடிக்கவில்லை.

“டீச்சரம்மா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்லலையே.”

“நீங்க கேக்கலையே அண்ணாச்சி.”

“பூசாரிக்கும் தெரிஞ்சிருக்கும். அவன் மச்சினன்ல.”

“இருக்கும்.”

“இந்த மிசினு எத்தனை நாளைக்கு ஓட்டணும்?”

“உசுரோட இருக்குற வரைக்கும்.”

“நாம அனுப்பச் சொன்ன ஊர்ல?”

“அங்க கிடையாது.”

“நான் கையெழுத்துப் போடும்போது இதை ஒருத்தரும் சொல்லலையே.” குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “பொழுது சாயுது. அந்தப் புள்ளைய ஏத்துங்க.” அதற்குப் பிறகு அவர் ஊரில் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் லோடு வண்டி வந்தது. பின்னால் உர மூட்டைக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கட்டியிருந்தார்கள்.

ஆனாலும் திருவிழா என்றால் முடிந்துதான் ஆக வேண்டும். காப்பு அவிழ்க்கும் காலையில் அதே வேன் கரையில் வந்து நின்றது. ஆய்வாளர் பைக்கில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். தவராசா மறுபடியும் பெட்டியைக் கட்டியிருந்தார். வரிசையாக எல்லாருக்கும் நூலை அவிழ்த்துத் தாம்பாளத்தில் போட்டுக்கொண்டே வந்தார் பூசாரி. யோகேஸ்வரி வலது கையை நீட்டினாள்.

பூசாரி முடிச்சில் விரலை வைத்துவிட்டு நிறுத்தினார். அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இந்தக் காப்பை மட்டும் அம்மன் அவுக்கச் சொல்லலை.”

பூசாரிக்கு எல்லாம் தெரியும் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். அண்ணாச்சிக்குத் தெரியும் என்பது பூசாரிக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை போதும், ஊர் முன்னால் பூசாரியைப் பொய்யர் ஆக்கிவிடலாம். அண்ணாச்சி வேனைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார்.

“அம்மன் சொல்லலேன்னா நீ ஏன்யா தொடுற?” என்று பூசாரியை அதட்டினார். “அடுத்த பங்குனிக்குப் பாப்போம்.”

யோகேஸ்வரி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்று அழுதாள். நானும் அழுதேன். இந்த வேலையில் அழக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தில் அழாவிட்டால் வேறு எங்கே அழுவது?

பூசாரியிடம் பிறகு ஒருநாள் கேட்டேன், உங்களுக்குத் தெரிந்துதானே செய்தீர்கள் என்று. “என் மச்சினனை வண்டியில ஏத்தி விடுறதே நாந்தான், எனக்குத் தெரியாதா டீச்சரம்மா?” என்றார். பிறகு, “ஆனா அவன் கையையும் நான் கும்பிட்டுக்கிட்டுத்தான் தொடுதேன்” என்றார். இதை எந்த அறிக்கையில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தர்ஷினியிடம் சொன்னபோது அவளுக்கும் தெரியவில்லை. கிரேக்கத்தில் வேண்டுதல் நிறைவேறிய பிறகுதான் அந்தக் கிளையைப் பீடத்திலிருந்து எடுப்பார்கள் என்று மட்டும் சொன்னாள்.

அந்த மனிதர்களுக்கு முகாம்மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இப்போதும் தண்ணீருக்குச் சண்டை வரும், ஆனால் ஒரே குழாயில் வரிசை நின்று போடும் சண்டை. அண்ணாச்சிக்கு மனம் மாற வேண்டியிருக்கவில்லை. ஊர் முன்னால் தலை குனியாமல் பின்வாங்க ஒரு வழி வேண்டியிருந்தது. நாங்கள் எழுதிய மனுக்கள் எதிலும் அந்த வழி இல்லை. உங்கள் மனுவில் அது இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.

நான் ஓய்வு பெற்ற வாரம் முகாமுக்குப் போனேன். தகரக் கூரைகள் போய்க் காங்கிரீட் வீடுகள் வந்திருந்தன. யோகேஸ்வரி இளைத்திருந்தாள், ஆனால் இருந்தாள். வலது கையில் மஞ்சள் நூல். ஒவ்வொரு பங்குனியும் பழையது நைந்துபோகும், புதியதைக் கட்டிவிட்டுப் பழையதை அறுப்பார் பூசாரி. நடுவில் ஒரு நொடிகூட வெறுங்கை கிடையாது. இடது கையை என்னிடம் நீட்டினாள். தொட்டுப் பார்த்தேன். விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இடமாற்ற உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. புதிதாக வந்த உற்சாகத்தில் ரத்து செய்யச் சொல்லி நீங்கள் மனு எழுதிவிடாதீர்கள், எழுதினால் எடுத்துப் பார்ப்பார்கள். திருவிழா முடிந்ததும் நிறைவேற்றப்படும் என்றுதான் அதில் இருக்கிறது. ஒரு காப்பு அவிழாத வரை திருவிழா முடிந்ததாகக் கணக்கில்லை, ஆகவே அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்த வருடத்துப் பங்குனிப் பொங்கல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. யாரும் போய் அதை முடித்து வைத்துவிடாதீர்கள்.